வெள்ளை மை

1994. நான் படிவம் நான்கு, தங்கச்சி படிவம் இரண்டு. கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மன்றம் தீபாவளி மலர் போட்டது. நான்கு பக்கத்துக்கு ஒரு படக்கதை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பெயர் வாங்கியவன் நான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, தோட்டத்தையே மறந்துபோன ஒரு பையனின் கதையை எழுதினேன். அப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவோம். படங்களை வரைந்தது தங்கச்சி. எனக்கு ஓர் ஆளை நிற்க வைத்து வரையத் தெரியும். நடக்க வைக்கத் தெரியாது. அவள் வரைந்த ஆட்கள் நடந்தார்கள், பஸ்ஸுக்கு ஓடினார்கள், ஒட்டுக்கடையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து தே தாரிக் குடித்தார்கள்.

கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் சின்னதாகத் தன் பெயரை எழுதியிருந்தாள். நான் அதன்மேல் லிக்விட் பேப்பர் தடவினேன்.

ஏன் தடவினேன் என்பதற்கு அப்போதே ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். ஒரு கதைக்கு ஒரு பெயர்தான் போடுவார்கள், இரண்டு பெயர் கொடுத்தால் மலர்க்குழுவில் குழம்பிவிடுவார்கள் என்று சொல்லலாம். அவள் கேட்கவே இல்லை. மலர் வந்தபோது 'கதை, படம்' என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். கொடுத்த பணத்தில் இரண்டு பேரும் ரோட்டி சானாய் சாப்பிட்டோம். எஸ்.பி.எம். முடிந்து கோலாலம்பூரில் வடிவமைப்புப் படிப்புக்கு நேர்காணலுக்குப் போனபோது, என் கோப்பில் அந்த நான்கு பக்கங்களும் இருந்தன. இடம் கிடைத்தது. இன்றுவரை நான் சாப்பிடும் சோறு அந்தப் படிப்பில் வந்தது. தங்கச்சி ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்தாள், பிள்ளைகளை வளர்த்தாள். படம் வரையவில்லை.

முப்பது வருஷமாக இதை ஒரு தவறு என்றே நான் நினைத்ததில்லை. அண்ணன் தங்கச்சிக்குள் என்ன உன்னது, என்னது? நினைக்க வைத்தவர், 1890இல் இறந்துபோன ஒரு பெண்.

*

அவரிடம் வருவதற்கு முன்னால் ஸ்பைடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் வரையக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

பெரிய மாமா பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்தார். கோமூட்டர் ரயில் வருவதற்கு முந்தைய காலம். சம்பள நாளில் அங்கே ஒரு கடையில் தமிழ்நாட்டு வார இதழ்களோடு லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் பழைய பிரதிகளையும் வாங்கி, பஸ் ஏறிக் கிள்ளானுக்குக் கொண்டுவருவார். இரண்டும் சிவகாசியில் அச்சானவை. முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972இல் வந்த 'இரும்புக்கை மாயாவி'. லயன் 1984இல் பிறந்தது. கறுப்பு உடையும் கூரான காதுகளும் வலைத் துப்பாக்கியுமாக வந்த ஸ்பைடரைத் தமிழில் பரப்பியது லயன்தான். முதலில் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக ஆசைப்பட்டு, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடக் கிளம்பியவன். நல்லவனா கெட்டவனா என்று பிடிபடாத அந்த முகத்தை நாங்கள் நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கமெல்லாம் வரைந்தோம். நான் டிரேஸ் எடுப்பேன். தங்கச்சி பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வரைவாள்.

இந்தப் படங்களை யார் வரைந்தது என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சிவகாசிக்காரர்கள் என்றே நினைத்திருந்தோம். புத்தகத்திலும் பெயர் இல்லை. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, மாயாவியும் ஸ்பைடரும் 1960களின் பிரிட்டிஷ் வார இதழ்களிலிருந்து வந்தவர்கள் என்று. மாயாவி 1962இல் 'வேலியன்ட்' இதழில் தொடங்கினான்; அவனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். ஸ்பைடர் 1965இல் 'லயன்' என்ற இதழில் வந்தான்; அவனை வரைந்தவர் ரெக் பன் என்ற இங்கிலாந்துக்காரர். ரெக் பன் 1971இல் இறந்துவிட்டார். சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கவே அதற்குப் பிறகு 13 வருஷம் ஆனது. கிள்ளானில் ஒரு சமையலறை மேசையில் ஒரு சின்னப் பெண் தன் கையைப் பார்த்து வரையப் பழகுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

சிவகாசிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. மூல இதழ்களிலேயே பெயர் போட மாட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் வார காமிக்ஸ்களில் ஓவியர் பெயரும் எழுதியவர் பெயரும் வருவது அபூர்வம். ஓவியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும், அலுவலகத்தில் அதன்மேல் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளை இழுத்துக்கொள்ளும், கூலி அதிகம் கேட்பார்கள் என்ற பயம். 'பீனோ', 'டாண்டி' இதழ்களில் வரைந்த டட்லி வாட்கின்ஸ் போன்ற வெகுசிலருக்குத்தான் கையெழுத்துப் போட அனுமதி கிடைத்தது. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழில்தான் உழைத்தவர்களின் பெயர்களை வழக்கமாகப் போட ஆரம்பித்தார்கள்.

வெள்ளை மை. இதைப் படித்தபோது எனக்கு லேசாகக் கை குறுகுறுத்தது. ஆனாலும் அது முதலாளிகள் செய்த வேலை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கடந்துபோய்விட்டேன்.

*

தங்கச்சி மகள் இப்போது வடிவமைப்பு படிக்கிறாள். காமிக்ஸின் தொடக்கம் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்கள். "மாமா, நீங்கதானே அந்தக் காலத்துலயே காமிக்ஸ் போட்டவரு, சொல்லிக் கொடுங்க" என்று வந்து நின்றாள். அவளோடு சேர்ந்து தேடும்போதுதான் மரி டுவால் கண்ணில் பட்டார்.

லண்டனில் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழ் 1841இலிருந்து கொடிகட்டிப் பறந்தது. அதற்குப் போட்டியாக 1867இல் 'ஜூடி' வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 14ஆம் தேதி இதழில் ஆலி ஸ்லோப்பர் என்ற பாத்திரம் தோன்றியது. ஆங்கிலத்தில் இதழுக்கு இதழ் திரும்பத் திரும்ப வந்த முதல் காமிக்ஸ் பாத்திரங்களில் அவன் ஒருவன். உருளை மூக்கு, நசுங்கிய தொப்பி, எந்நேரமும் கடன். வாடகை கேட்டு ஆள் வந்தால் சந்துவழியாக நழுவிவிடுவான். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அடகுக் கடையும் கடன்காரனும் இல்லாமல் அவனுக்குக் கதை இல்லை. நம்மூர் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் ஆ லோங் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்லோப்பரை உடனே பிடித்துவிடும்.

அவனை உருவாக்கியவர் சார்லஸ் ராஸ். எழுத்தாளர், ஜூடிக்கு ஆசிரியராகவும் இருந்தவர். ஆனால் 1869இலிருந்து அந்த இதழில் ஸ்லோப்பரையும் இன்னும் நூற்றுக்கணக்கான படங்களையும் வரைந்தவர், அவருடைய வாழ்க்கைத் துணையான மரி டுவால். பாரிஸில் 1847இல் பிறந்தவர். சொந்தப் பெயர் இசபெல் எமிலி த தெசியர். மேடை நடிகை. ஓவியப் பள்ளிக்குப் போனவரில்லை. அது படங்களில் தெரியும். உடல் அளவுகள் சரியாக இருக்காது, கோடு கரடுமுரடாக இருக்கும். ஆனால் அந்த ஆட்கள் விழுவதைப் பாருங்கள், ஓடுவதைப் பாருங்கள், நாற்காலியில் சாய்ந்து நடிப்பதைப் பாருங்கள். மேடையில் உடம்பால் சிரிக்க வைத்த ஒருத்தி பேனாவை எடுத்திருக்கிறார் என்று புரியும். அவர் காலத்துப் பத்திரிகை ஓவியர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதில் ஒரு பெண், 1880களின் நடுப்பகுதிவரை தொடர்ந்து வேலை செய்திருக்கிறார்.

பிறகு ஸ்லோப்பர் கைமாறினான். ராஸ் அவனுடைய உரிமையை கில்பர்ட் டால்சியல் என்ற பதிப்பாளருக்கு விற்றார். 1884 மே மாதத்தில் 'ஆலி ஸ்லோப்பர்ஸ் ஹாஃப் ஹாலிடே' என்று அவன் பெயரிலேயே வார இதழ் வந்தது. அதில் டபிள்யூ. ஜி. பாக்ஸ்டர் என்ற தேர்ந்த ஓவியர் வரைந்த ஸ்லோப்பர்தான் பிரிட்டன் முழுக்கப் பரவினான். பாக்ஸ்டர் 1888இல் இறந்ததும் இன்னொருவர் தொடர்ந்தார். மரி டுவால் 1890இல் காலமானார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். டுவால் தன் படங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். சிலவற்றில் முழுப் பெயர், சிலவற்றில் இரண்டே எழுத்து. 1876இல் எல்லன் கிளேட்டன் எழுதிய ஆங்கிலப் பெண் ஓவியர்கள் பற்றிய புத்தகத்திலும் அவருக்கு இடம் உண்டு. யாரும் வெள்ளை மை பூசவில்லை. ஆனாலும் பின்னால் வந்த பல வரலாறுகள் ஸ்லோப்பரை ராஸ் படைத்தார், பாக்ஸ்டர் வளர்த்தார் என்று இரண்டு ஆண்களோடு முடித்துக்கொண்டன. 1980களில் டேவிட் குன்சில் போன்ற ஆய்வாளர்கள் அவரைத் திரும்பவும் பேச ஆரம்பித்தார்கள். கடந்த பத்தாண்டில் சைமன் கிரென்னன், ரோஜர் சபின், ஜூலியன் வெயிட் மூவரும் அவருடைய படங்களைத் தேடித் தொகுத்தார்கள், அவரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பெயர் காகிதத்திலேயே இருந்தது. பார்த்தவர்கள் படிக்கவில்லை.

மருமகள் குறிப்பெடுத்துக்கொண்டே, "பாவம் மாமா, அந்தம்மா கேக்கலையா?" என்றாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

*

கேள்வியை நேராகவே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் செய்த வேலைக்கு அவர் பெயர் இல்லாமல் போவதில் அப்படி என்ன தவறு?

தவறில்லை என்று சொல்ல நமக்கு நிறையக் காரணங்கள் உண்டு. நாட்டுப்பாடல்களுக்குப் பெயர் உண்டா? பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், அந்தச் சுதைச் சிற்பங்களைச் செய்தவர் யார் என்று கேட்டிருக்கிறோமா? வேலை நிலைத்தால் போதும், ஆள் கரைந்துபோகலாம் என்பதை ஒரு பெருந்தன்மையாகவே நாம் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அதே கோயிலுக்குள் போய்த் தலையைத் தூக்கினால் டியூப் லைட்டில் 'உபயம்' என்று ஒரு குடும்பத்தின் பெயர் முழுசாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தைவிடப் பெயர்தான் பளிச்சென்று தெரியும். ஆள் கரைந்துபோகலாம் என்ற தத்துவம் பணம் கொடுத்தவருக்குப் பொருந்துவதில்லை, கைவேலை செய்தவருக்கு மட்டும்தான் பொருந்துகிறது. அதனால் அதை ஒரு தத்துவம் என்று ஏற்க எனக்குத் தயக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை யார் பாடியது என்று தெரியவில்லை. அவர்கள் அந்தப் பாடல்களைத் தெரிந்த ஒரு புலவரின் கணக்கில் சேர்த்துவிடவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்று பெயர் வைத்தார்கள். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதிலுள்ள நேர்மை எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அங்கே ஒரு ஆள் இருந்தார் என்று அந்த இடத்தைக் காலியாகவும் மரியாதையாகவும் வைத்திருக்கிறார்கள். கபிலர் பெயரைப் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

பெயர் இல்லாமல் இருப்பது ஒன்று. அந்த இடத்தில் வேறொருவர் பெயர் இருப்பது வேறொன்று. முதலாவதில் தேடுவதற்கு வழி இருக்கிறது. ரெக் பன்னைத் தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டாவதில் தேட வேண்டும் என்ற எண்ணமே வராது. என் மலரைப் பார்த்த யாருக்கும் அந்தப் படங்களை வரைந்தது யார் என்ற கேள்வி எழ வாய்ப்பில்லை. பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.

சரி, அவளுக்கே அது பெரிதாகப் படவில்லை என்றால்? ராஸும் டுவாலும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். நானும் தங்கச்சியும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சம்மதித்தவருக்கு என்ன நஷ்டம்? இந்த வாதம்தான் என்னை முப்பது வருஷம் காப்பாற்றியது. இதில் உள்ள ஓட்டை எளிமையானது. சம்மதம் என்றால் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எழுதிக்கொண்டது நான். குடும்பத்துக்குள் இது இன்னும் சுலபம். 'நம்ம' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் யாருடைய உழைப்பு, யாருடைய பெயர் என்று பிரித்துக் கேட்பதே அசிங்கமாகிவிடும். அந்த அசிங்கத்துக்குப் பயந்து வாயை மூடுவது பெரும்பாலும் பெண்பிள்ளைதான்.

பெயர் என்பது பரிசு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்லோப்பருக்கு ஐக்கி மோ என்று ஒரு கூட்டாளி உண்டு. யூதர்களைக் கேலி செய்யும் அச்சு வார்ப்பான பாத்திரம். இன்று பார்த்தால் கூசுகிறது. மரி டுவாலுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றால் அந்தக் கூச்சத்தில் அவருடைய பங்கையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஒருவரை ஆளாக மதிப்பது என்றால் அவரிடம் கணக்குக் கேட்கவும் தயாராக இருப்பது. பெயரில்லாதவரைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.

*

நம் நாட்டிலேயே இதற்கு நேரெதிரான கதை ஒன்று இருக்கிறது. பேராக்கில் 1951இல் பிறந்த முகமட் நோர் காலிட், 'பீனோ', 'டாண்டி' எல்லாம் படித்து வளர்ந்த கம்பத்துப் பையன். 1964இல், 13 வயதில், 'தீகா செகாவான்' என்ற படக்கதையை சினாரன் பிரதர்ஸ் என்ற பதிப்பகத்துக்கு அனுப்பினான். வரைந்தவர் பெரியவர் என்று நினைத்து அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கூலி 25 வெள்ளி. உருண்டை முகத்தால் வந்த செல்லப்பெயரின் கடைசி மூன்றெழுத்துதான் பிறகு நாடு முழுக்கத் தெரிந்த கையெழுத்தானது: லாட். கோலாலம்பூருக்கு வந்து பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக வேலை பார்த்து, பிறகு 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரராகி, 1979இல் 'கம்போங் பாய்' வெளியிட்டார்.

லாட்டின் திறமைக்குப் பெயர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 25 வெள்ளியைப் பற்றி யோசிக்கிறேன். அந்தக் கூலி ஒரே நாளில் செலவாகியிருக்கும். கூடவே 'இதை நீ செய்தாய், அடுத்ததைச் செய்' என்று ஒரு பதிமூன்று வயதுப் பையனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது செலவாகவில்லை. பெயர் போடுவதை நாம் முடிந்துபோன வேலைக்கான நன்றி என்று நினைக்கிறோம். அதைவிட, இனி வரப்போகும் வேலைக்கு அது ஓர் அழைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. மலர் வந்த பிறகு அடுத்த வருஷமும் படக்கதை கேட்டு மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். வந்தது என்னிடம். எனக்கு வரையத் தெரியாது என்பதால் பரீட்சை இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். அந்த அழைப்பு போயிருக்க வேண்டிய ஆள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் அழித்ததால்தான் அவள் வரைவதை விட்டாள் என்று சொல்லிக்கொண்டால் அதுவும் ஒருவகையில் என்னையே பெரிதாக்கிக்கொள்வது. வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க வசதி இருந்தது. அவள் எப்படியும் விட்டிருக்கலாம். ஆனால் அவள் எப்படியும் விட்டிருப்பாள் என்று சொல்லும் உரிமை, அந்தப் பெயரை அழித்தவனுக்குக் கிடையாது.

*

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். இத்தனை வருஷமும் ஒரு கோப்பில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தாள். "இந்தப் பையனுக்கு ரெண்டும் இடது காலு. யாருமே சொல்லல பாரு."

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் ஒழுங்காக வரவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "மேசை மேலதானே காய வெச்சிருந்த. பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஒரு காரணம் வெச்சிருப்ப."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மஞ்சளாகிப்போன அந்த வெள்ளைத் திட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து நான் மெதுவாகச் சுரண்டப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்தாள். "விடு. இப்ப சுரண்டினா தாளு கிழிஞ்சிடும். படமாச்சும் இருக்கட்டும்."

இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொல்லி, அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வேணாம், மாமியார் வீட்டுல எல்லாரும் படிப்பாங்க" என்றாள். பிறகு, "வேற எதாச்சும் வரைஞ்சா போட்டுக்கலாம்" என்றாள். அது வாக்குறுதியா, பேச்சை முடிக்கச் சொன்னதா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் இல்லை. 1994இலும் இல்லை, இப்போதும் இல்லை. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த முறை கேட்டேன் என்பது மட்டும்தான் வித்தியாசம். நான்கு தாள்களும் இப்போது அவள் வீட்டில் இருக்கின்றன.